136-ம் 8ஏ-வும்: டெக்னோ டிராக்குகளை வேகத்திலும் சுருதியிலும் சேர்ப்பது

டிஜேக்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சி கட்டாயம் உண்டு. "அவர் என்ன பெரிதாகச் செய்கிறார், பட்டனைத்தானே அமுக்குகிறார்" என்பது ஒன்று. டிராக்குகளின் சுருதிக்கு 8ஏ, 9ஏ என்று எண் கொடுக்கும் வண்ணச் சக்கரப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "8ஏ-க்குப் பிறகு 9ஏ போடு, மிக்ஸ் தானாக உட்காரும்" என்று அடித்துச் சொல்வது இன்னொன்று. முதல் கட்சி, இரண்டு டிராக்கின் தாளத்தைத் தானாகப் பொருத்தும் சின்க் பட்டனை அளவுக்கு மீறி நம்புகிறது, இரண்டாவது கட்சி சக்கரத்தை.

நான் இரண்டாவது கட்சியில் சில மாதம் குப்பை கொட்டியவன். ஒருநாள் இரவு வீட்டில் இரண்டு டெக்னோ டிராக்கை, அதாவது எந்திரத் தாளத்தில் ஓடும் இரண்டு மின்னணு இசைப் பதிவை, எடுத்தேன். இரண்டின் பக்கத்திலும் மென்பொருள் 8ஏ என்று போட்டிருந்தது. ஒன்றின் வேகம் நிமிடத்துக்கு 128 அடி, மற்றதன் வேகம் 136. 128-ஐ 136-க்கு ஏற்றி, அடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை மேலே தள்ளினேன். கனத்த கிக் ஓசை கச்சிதமாக விழுந்தது. ஆனால் அதற்கு அடியில், காய்ச்சல்காரன் முனகுவதுபோல ஏதோ ஒன்று நொடிக்கு மூன்று நான்கு தடவை பொங்கிப் பொங்கி அடங்கியது. வேகம் ஒன்று, எண்ணும் ஒன்று, பிறகும் ஏன் இந்த முனகல்? பதில் கட்டுரையின் நடுவில் வரும். அங்கே போய்ச் சேரச் சில படி ஏற வேண்டும்.

வேகம்: முன்னால் நிற்கும் காரின் இண்டிகேட்டர்

சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் காரின் இண்டிகேட்டரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வண்டியின் இண்டிகேட்டரும் அதுவும் ஒரு கட்டத்தில் சேர்ந்து மினுக்கும். சரியாகப் பொருந்திவிட்டதே என்று நினைப்பதற்குள் மெல்ல விலகும். பிறகு ஒன்று அணையும்போது மற்றது எரியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சேரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் எல்லா வேலையையும் செய்கிறது.

டிராக்கின் வேகத்தை பிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள்: ஒரு நிமிடத்தில் எத்தனை அடி விழுகிறது என்ற கணக்கு. அடியை பீட் என்கிறோம். டெக்னோவில் பெரும்பாலும் ஒவ்வொரு பீட்டிலும் ஒரு கிக், அதாவது அந்தக் கனத்த ‘தும்’ ஓசை, விழும். பெரும்பாலான டெக்னோ 125-க்கும் 150-க்கும் இடையில் ஓடுகிறது.

இப்போது 130-ல் ஒரு டிராக், 132-ல் ஒரு டிராக். முதலாவதில் ஒரு பீட்டின் நீளம் சுமார் 461.5 மில்லிநொடி, இரண்டாவதில் 454.5. வித்தியாசம் வெறும் 7 மில்லிநொடி. ஒரு பீட்டில் இது காதுக்குத் தெரியாது. நான்கு பீட்டில் 28 மில்லிநொடியாகச் சேர்ந்துவிடும். அந்த இடத்தில்தான் ஒற்றை ‘தும்’ உடைந்து ‘த-தும்’ ஆகத் தொடங்குகிறது. பதினைந்து நொடியில் ஒரு டிராக்கின் கிக், மற்றதன் இரண்டு கிக்குகளுக்கு நட்டநடுவில் வந்து விழும். அரங்கில் ஆடிக்கொண்டிருப்பவரின் கால் எதன்மேல் விழுவது என்று தெரியாமல் தடுமாறும். குதிரைக் குளம்போசை போலக் கேட்கும் இந்த விபத்துக்கு டிஜேக்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிரெயின் ரெக்’.

மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி: இரண்டு பிபிஎம்-க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, ஒரு நிமிடத்தில் அத்தனை பீட் விலகும். வித்தியாசம் 2 என்றால் நிமிடத்துக்கு இரண்டு பீட். 0.1 என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு பீட். அதனால் ஒரு நிமிட மிக்ஸுக்கு 0.1 வித்தியாசம் இருந்தாலும் நடுவில் ஒருமுறையாவது கை வைக்கத்தான் வேண்டும்.

இரண்டு தனித்தனி வேலை

இருவர் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிறார்கள். ஒரே வேகம். ஆனால் ஒருவர் கால் தரையைத் தொடும்போது மற்றவர் கால் காற்றில் இருக்கிறது. வேகம் பொருந்தியாயிற்று, அடி பொருந்தவில்லை. மிக்ஸிங்கிலும் இவை இரண்டு வேறு வேலை, இரண்டுக்கும் வேறு வேறு கருவி.

வேகத்தை மாற்றுவது பிட்ச் ஃபேடர். டெக்கின், அதாவது டிராக்கை ஓட்டும் கருவியின், வலது ஓரத்தில் மேலும் கீழுமாக நகரும் நீளக் குமிழ் அது. டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, 1972-ல் வந்தது. 1979-ல் வந்த அதன் எம்கே2 மாடலில், வேகத்தை 8 சதவீதம் ஏற்றவும் 8 சதவீதம் இறக்கவும் இந்த நகரும் ஃபேடரை வைத்தார்கள். அது வந்தபின் டிஜே மேடைகளில் வேறு எந்த டர்ன்டேபிளுக்கும் அவ்வளவு மவுசு இருந்ததில்லை. அதற்கும் முன்பே, 1960-களின் இறுதியில் நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராசோ என்ற டிஜே இரண்டு இசைத்தட்டுகளின் தாளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு வழிகாட்டியிருந்தார்.

அடியைப் பொருத்துவது ஜாக் வீல், அதாவது டெக்கின் மேலிருக்கும் சக்கரம். விரலால் ஓரத்தை லேசாக முன்னே தள்ளினால் டிராக் ஒரு கணம் முந்தும். பின்னே இழுத்தால் பிந்தும். விரலை எடுத்ததும் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். இசைத்தட்டு என்றால் தட்டின் ஓரத்தையோ நடுக்குமிழையோ தொடுவார்கள்.

புதிதாகக் கற்பவர்கள் குழம்புவது இங்கேதான். டிராக் விலகுவதைக் கேட்டதும் சக்கரத்தைத் தள்ளிச் சரி செய்வார்கள். பத்து நொடியில் மறுபடி விலகும். மறுபடி தள்ளுவார்கள். ஒரே திசையில் மூன்று முறை தள்ள வேண்டி வந்தால் பிழை அடியில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. சக்கரத்தை விட்டுவிட்டு ஃபேடரைத் தொட வேண்டும். எனக்கு இது உறைக்கப் பல வாரம் ஆனது. அதுவரை சக்கரத்தை உருட்டி உருட்டி ஆட்டுரல் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சின்க் பட்டன் இந்த இரண்டு வேலையையும் ஒரு தட்டில் செய்யும். இரண்டு வேலையை மட்டும்தான். அதுவும் பீட்கிரிட் சரியாக இருந்தால். மென்பொருள் டிராக்கை ஆராய்ந்து, பீட் எங்கெங்கே விழுகிறது என்று போட்டு வைக்கும் கோடுகள்தாம் பீட்கிரிட். கோடு தவறினால் சின்க் அந்தத் தவற்றையே துல்லியமாகப் பொருத்தித் தரும். 140-ல் ஓடும் டிராக்கை 70 என்று அது படித்துவிடுவதும் உண்டு. அதில் பெரிய ஆபத்தில்லை: பாதியோ இரட்டிப்போ ஆன வேகங்களின் அடிகள் எப்படியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

சுருக்கமாக: பிபிஎம் பொருந்தினால் டிராக்குகள் விலகாது. அடி பொருந்தினால் இரட்டைச் சத்தம் வராது. ஃபேடர் முதல் வேலைக்கு, சக்கரம் இரண்டாவதற்கு.

ஒருவர் பல்லவியில், ஒருவர் சரணத்தில்

இருவர் ஒரே பாட்டை ஒரே தாளத்தில் பாடுகிறார்கள், ஆனால் ஒருவர் பல்லவி தொடங்கும்போது மற்றவர் சரணத்தின் நடுவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளம் தப்பவில்லை, ஆனாலும் கேட்க முடியாது. டெக்னோவிலும் நான்கு பீட் சேர்ந்து ஒரு பார், பார்கள் எட்டு, பதினாறு எனச் சேர்ந்து ஒரு ஃப்ரேஸ். இசை வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். புது ஹை-ஹாட், அதாவது ‘ட்ஸ்’ என்ற கூர்மையான தட்டோசை, நுழைவதும் பேஸ்லைன், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுர வரிசை, விலகுவதும் பெரும்பாலும் ஃப்ரேஸின் தொடக்கத்தில்தான் நடக்கும். 136 பிபிஎம்மில் 16 பார் என்பது ஏறக்குறைய 28 நொடி.

புது டிராக்கின் முதல் பீட்டைப் பழைய டிராக்கின் ஃப்ரேஸ் தொடக்கத்தில் விட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் மூச்சு விடும். இதை வாயால் எண்ணிப் பழகுவது நல்லது. ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு என்று பாரின் எண்ணை முதலில் வைத்து எண்ணினால் தப்பாது. இதற்கு மேல் இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

சுருதி: பிறந்தநாள் பாட்டில் நடக்கும் விபத்து

கேக் வெட்டும்போது பத்துப் பேர் சேர்ந்து பிறந்தநாள் வாழ்த்துப் பாடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில்தான் தொடங்குவார்கள், கைத்தட்டலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் குரலுக்கு வசதியான இடத்தில் ஆரம்பித்திருப்பார்கள். முதல் வரியிலேயே கூச்சம் வந்துவிடும். அங்கே லயம் சரி, சுருதி சரியில்லை.

ஒரு பாட்டு எந்தச் சுரத்தை வீடாகக் கொண்டிருக்கிறது, அந்த வீட்டைச் சுற்றி எந்தெந்தச் சுரங்களைப் பயன்படுத்துகிறது என்பது அதன் கீ. மெலடியைக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது எந்தச் சுரத்தில் வந்து நின்றால் "முடிந்தது" என்று தோன்றுகிறதோ அதுதான் வீடு. ஒரு சுரத்திலிருந்து அதே சுரத்தின் அடுத்த உயரம் வரை பன்னிரண்டு சம படிகள் இருக்கின்றன. ஒரு படிக்குச் செமிடோன் என்று பெயர். கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம் அது. பாடகர்கள் ‘ஆறு கட்டை’ என்பதும் மேற்கத்திய முறையில் ‘ஏ’ என்பதும் ஒரே சுரம். ‘ஆறரை கட்டை’ ஒரு செமிடோன் மேலே.

பன்னிரண்டில் பொதுவாக ஏழு சுரத்தை எடுத்துக்கொண்டு ஒரு கீ உருவாகும். எடுத்துக்கொண்ட விதத்தைப் பொறுத்து அது மேஜர் அல்லது மைனர். மேஜர் பெரும்பாலான காதுகளுக்கு வெளிச்சமாகவும் மைனர் சற்று இருட்டாகவும் படும். டெக்னோ இருட்டுப் பக்கம் சாய்ந்தது. மைனர் கீகள்தாம் அதிகம்.

சேராத சுரங்கள் ஏன் காதை உறுத்துகின்றன? ஒலி என்பது அதிர்வு. நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்கிறோம். பேஸில் வரும் ஒரு ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு செமிடோன் மேலே இருப்பது சுமார் 58.3 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலித்தால், அந்த இரண்டு இண்டிகேட்டர்கள் போலவே, ஒருகணம் சேர்ந்து பலமாகும், மறுகணம் எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நொடிக்கு மூன்று முறைக்குச் சற்று மேல் சத்தம் ஏறி இறங்கும். மேல் சுரங்களில் வித்தியாசம் நொடிக்கு இருபது முப்பது அதிர்வாகிவிடுவதால், ஏற்ற இறக்கமாகக் கேட்காமல் கரகரப்பாகக் கேட்கும்.

காய்ச்சல்காரன் முனகலின் பாதி விடை இதுதான். அந்த இரண்டு டிராக்கின் பேஸும் ஒரு செமிடோன் தள்ளி நின்றிருக்கின்றன. ஆனால் இரண்டும் 8ஏ ஆயிற்றே?

சக்கரம் உண்மையில் என்ன சொல்கிறது

8ஏ என்பது கேமலாட் சக்கரத்தின் முகவரி. மார்க் டேவிஸ் வகுத்த முறை இது. மிக்ஸ்டு இன் கீ என்ற மென்பொருள் மூலம் டிஜேக்கள் நடுவே பரவியது. கடிகார முகம்போல 1 முதல் 12 வரை எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் உள்வட்டத்தில் ஒரு மைனர், வெளிவட்டத்தில் ஒரு மேஜர். மைனருக்கு ஏ, மேஜருக்கு பி என்று குறி. எட்டாம் எண்ணில் 8ஏ என்பது ஏ மைனர், 8பி என்பது சி மேஜர். முகவரியில் உள்ள ஏ என்ற எழுத்துக்கும் ஏ என்ற சுரத்துக்கும் எந்த உறவும் இல்லை. 9ஏ என்பது ஈ மைனர். இந்த ஒரு குழப்பத்தில் விழுந்தவர்கள் ஏராளம்.

இசைக்காரர்கள் ஐந்தாம் சுர வட்டம் என்று நெடுநாளாக வைத்திருந்ததைத்தான் இந்தச் சக்கரம் எண்களாக்கித் தருகிறது. அதன் உள்ளே இருக்கும் விஷயம் மிக எளிது: பக்கத்து எண்கள் பெரும்பாலான சுரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏ மைனரின் ஏழு சுரத்தில் ஆறு ஈ மைனரிலும் இருக்கின்றன. மாறுவது ஒன்றே ஒன்று, எஃப் இருந்த இடத்தில் ஒரு செமிடோன் மேலே உள்ள எஃப் ஷார்ப். அதனால் 8ஏ-யிலிருந்து 9ஏ-க்கோ 7ஏ-க்கோ போனால் மோதல் குறைவு. 8ஏ-யிலிருந்து 8பி-க்குப் போனால் ஏழும் அதே சுரங்கள், வீடு மட்டும் மாறுகிறது. எதிர்முனையான 2ஏ-க்குப் போனால் பொதுவாக இருப்பவை இரண்டே சுரம்.

இரண்டு வீட்டிலும் ஒரே சாமான்கள் இருந்தால் குடிமாறுவது எளிது என்பதுபோல. சக்கரம் சொல்வது அவ்வளவுதான். இந்த இரண்டு டிராக்கும் சேர்ந்து நன்றாக இருக்கும் என்ற உத்தரவாதத்தை அது எங்கேயும் தரவில்லை. மோத வாய்ப்புக் குறைவு என்கிறது.

சுருக்கமாக: கீ என்பது டிராக்கின் வீடும் அதன் ஏழு சுரமும். பக்கத்து எண் என்றால் ஆறு சுரம் பொது. செமிடோன் தூரம் என்றால் எண் சக்கரத்தில் ஏழு இடம் தாண்டிப் போயிருக்கும், பொதுச்சுரம் இரண்டுதான் மிஞ்சும்.

வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில்

பழைய டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது என்ன நடக்கும்? பாட்டு மெதுவாகும், கூடவே குரலும் கனத்துப்போகும். வேகமாக ஓடவிட்டால் பாடகர் கீச்சுக் குரலில் பாடுவார். டேப்பானாலும் இசைத்தட்டானாலும் வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டியவை. நொடிக்கு 55 முறை அதிரும் ஒலியை 10 சதவீதம் வேகமாக ஓட்டினால் அது நொடிக்கு 60.5 முறை அதிரும், வேறு வழியே இல்லை.

எத்தனை சதவீதத்துக்கு எவ்வளவு சுருதி? ஒரு செமிடோன் என்பது அதிர்வில் சுமார் 5.95 சதவீத உயர்வு. ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். நான் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்வதென்றால் அது இந்த ஆறுதான். 6 சதவீதம் ஏற்றினால் டிராக் அடுத்த கட்டைக்கு ஏறிவிடும். 3 சதவீதம் ஏற்றினால் இரண்டு கட்டைக்கும் நடுவில், எந்தக் கீபோர்டிலும் இல்லாத ஓர் இடத்தில் தொங்கும்.

128-ஐ 136 ஆக்குவது எத்தனை சதவீதம்? 6.25. என் முதல் டிராக் ஏ மைனரிலிருந்து ஒரு செமிடோன் ஏறி பி ஃபிளாட் மைனராகிவிட்டது. சக்கரத்தில் அது 3ஏ. திரையில் இருந்த 8ஏ, டிராக் அதன் சொந்த வேகத்தில் ஓடும்போது உண்மையாக இருந்த முகவரி. நான் வீட்டைத் தூக்கி வேறு தெருவில் வைத்துவிட்டேன். வாசலில் மாட்டிய பலகை அப்படியே இருந்தது. 55 ஹெர்ட்ஸ் பேஸ் 58.4-க்கு ஏறி, பக்கத்தில் இருந்த 55-உடன் நொடிக்கு மூன்றரை தடவை மல்லுக்கட்டியது. அதுதான் அந்த முனகல். ஏற்றிய பிறகு மாறும் கீயைக் காட்டும் மென்பொருள்களும் இருக்கின்றன. நான் வைத்திருந்தது அப்படிக் காட்டாது.

இன்னொரு நுட்பம், பலரும் கவனிக்காதது. 130-ல் ஒரு டிராக், 134-ல் ஒரு டிராக் இருந்தால், "இரண்டையும் 132-க்குக் கொண்டுவந்தால் சுருதி பாதிதானே கெடும்" என்று ஒரு யோசனை வரும். ஒவ்வொன்றும் தன் சொந்தச் சுருதியிலிருந்து பாதித் தூரமே நகரும் என்பது உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள பிசகு குறையவே குறையாது. ஒன்று கால் செமிடோன் ஏறும், மற்றது கால் செமிடோன் இறங்கும், மொத்தம் அதே அரை செமிடோன். பிசகைத் தீர்மானிப்பது 130-க்கும் 134-க்கும் உள்ள விகிதம். எங்கே சந்தித்தாலும் அந்த விகிதம் மாறாது. சுமார் 3 சதவீதம் என்பது இருப்பதிலேயே மோசமான தூரம், ஏனென்றால் அங்கே எந்தக் கீயும் எந்தக் கீயோடும் சேராது.

கீ லாக்: கயிற்றை அறுக்கும் கத்தி

கயிற்றை அறுக்க ஒரு பட்டன் இருக்கிறது. பயோனீர் கருவிகளில் மாஸ்டர் டெம்போ என்றும் மற்ற இடங்களில் கீ லாக் என்றும் எழுதியிருக்கும். அதை அழுத்திவிட்டால் வேகம் மாறும், சுருதி மாறாது.

இது எப்படி நடக்கிறது? ஒரு பூமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையை நீளமாக்க வேண்டும், ஆனால் எந்தப் பூவையும் இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. என்ன செய்வீர்கள்? நடுநடுவே அதே மாதிரிப் பூவை இன்னொன்று சேர்த்துக் கட்டுவீர்கள். குறைக்க வேண்டுமென்றால் சிலவற்றை உருவி எடுப்பீர்கள். கீ லாக்கும் ஒலியைச் சில பத்து மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, மெதுவாக்க வேண்டுமானால் சில துண்டுகளை இருமுறை ஒலிக்கவிட்டு, வேகமாக்க வேண்டுமானால் சிலவற்றை விட்டுவிட்டு, விளிம்புகள் தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்றைக் கரைத்து ஒட்டுகிறது. வேறு கணக்கு முறைகளும் உண்டு, அடிப்படை யோசனை இதுதான். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அதிர்வு அதே வேகத்தில் இருப்பதால் சுருதி அசையாது.

விலை இல்லாமல் எதுவும் வருவதில்லை. நீண்டு ஒலிக்கும் இசைக்கு இந்த ஒட்டுவேலை பொருந்தும். கிக்கின் முதல் சில மில்லிநொடிக்குப் பொருந்தாது. அந்தக் கூர்மையான ‘டக்’கில் ஒரு துண்டு சேர்ந்தாலோ குறைந்தாலோ முனை மழுங்கும். பெரிய ஒலிபெருக்கியில் கிக் ஈரத்துணியால் அடித்த மாதிரி ஆகிவிடும். டெக்னோவுக்குக் கிக்தான் உயிர். அதனால் ஒன்று ஒன்றரை சதவீத மாற்றத்துக்கு நான் கீ லாக்கைத் தொடுவதில்லை. கால் செமிடோன் பிசகை டெக்னோ பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், மழுங்கிய கிக்கைப் பொறுத்துக்கொள்ளாது. மூன்றுக்கு மேல் போனால், அதுவும் மெலடி ஒன்றுடன் ஒன்று மேற்படப் போகிறது என்றால், போட்டுவிடுவேன். இது என் காதின் கணக்கு. உங்கள் காது வேறு சொல்லலாம்.

சுருக்கமாக: கீ லாக் இல்லாமல் 6 சதவீதம் என்றால் ஒரு செமிடோன். கீ லாக் போட்டால் சுருதி நிற்கும், கிக்கின் முனை கொஞ்சம் போகும்.

டெக்னோவில் சுருதி எங்கே ஒளிந்திருக்கிறது

இனி வருவதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது. டெக்னோவில் வேகம் பொருந்தாமல் மிக்ஸ் கிடையாது. சுருதி பொருந்த வேண்டுமா என்பது அந்தக் குறிப்பிட்ட நிமிடத்தில் இரண்டு டிராக்கிலும் நீண்டு ஒலிக்கும் சுரங்கள் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது.

1980-களில் டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்றவர்கள் கையில் உருவான காலத்திலிருந்தே டெக்னோ, தாள எந்திரத்தை மையத்தில் வைத்த இசை. பல டிராக்குகளில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் வெறும் தாளம்தான். டிஜே சேர்ப்பதற்கென்றே விட்டுவைத்த திண்ணை அது. ஒரு டிராக்கின் கடைசித் திண்ணையும் அடுத்ததன் முதல் திண்ணையும் மேற்பட்டால், ஒன்று 8ஏ, மற்றது 2ஏ என்றாலும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மோதுவதற்கு அங்கே சுரமே இல்லை.

சுரம் இருப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று பேஸ்லைன். இரண்டு, பேட் எனப்படும் நீண்டு பரவும் பின்னணி ஒலியும் மெலடியும். மூன்றாவது பலரும் மறந்துவிடும் கிக்கின் வால். கிக் உயரத்தில் தொடங்கிச் சரசரவென்று கீழே சறுக்கி, 50 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நிற்கும் இடம் ஒரு சுரம். வால் நீண்ட இரண்டு கிக்குகள் வேறு வேறு சுரத்தில் நின்றால், அடி எவ்வளவு சரியாகப் பொருந்தினாலும் அடிவயிற்றில் ஒரு குழப்பம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மிக்ஸரில் உள்ள ஈக்யூ குமிழால், அதாவது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழால், புது டிராக்கின் பேஸை முழுதாக இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ஃப்ரேஸ் மாறும் நொடியில் ஒன்றின் பேஸை இறக்கி மற்றதை ஏற்றுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு பேஸ். இந்த ஒரு பழக்கம் கேமலாட் சக்கரத்தைவிட அதிக மிக்ஸ்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம்.

திரையில் தெரியும் கீ எண் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் அதன்மேல் உள்ள பக்தி கொஞ்சம் குறையும். பன்னிரண்டு சுரங்களில் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று மென்பொருள் டிராக் முழுக்கக் கூட்டிப் பார்க்கிறது. அந்தக் கூட்டலை 24 கீகளின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்கிறது. மெலடி நிறைந்த பாட்டில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரே பேஸ் சுரம் ஆறு நிமிடம் ஓடி, மேலே இரைச்சலும் உலோகத் தட்டலும் மட்டும் இருக்கும் டிராக்கில்? ஈ என்ற ஒற்றைச் சுரம் ஈ மைனரிலும் இருக்கிறது, ஈ மேஜரிலும் இருக்கிறது, ஏ மைனரிலும் இருக்கிறது. மென்பொருள் "தெரியாது" என்று சொல்வதில்லை. ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடும்.

ஒரு மிக்ஸ், அருகிலிருந்து

ஓடிக்கொண்டிருப்பது 134 பிபிஎம், ஏ மைனர், கடைசிப் பகுதியில் ஒரு நீண்ட பேட். அடுத்து வர இருப்பது 131, ஈ மைனர், முதல் 32 பார் வெறும் தாளம், பிறகு ஒரு மெலடி.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்கிறேன், மற்றக் காது அரங்குக்கு. புது டிராக்கை 134-க்கு ஏற்றுகிறேன். 2.3 சதவீதம், அதாவது 0.4 செமிடோன். மெலடி பேடின்மேல் வந்து விழுந்தால் புளிக்கும். இரண்டு வழி. கீ லாக்கைப் போட்டு, நீண்ட மேற்படலுக்குத் தயாராகலாம். அல்லது கீ லாக் இல்லாமல், தாளப் பகுதியிலேயே சேர்ப்பை முடித்து, மெலடி வருவதற்குள் பழைய பேடை வெளியேற்றிவிடலாம். 134-ல் 32 பார் என்றால் 57 நொடி. தாராளமாகப் போதும். இரண்டாவதையே எடுக்கிறேன், கிக் கூர்மையாக இருக்கட்டும்.

ஃப்ரேஸ் தொடங்கும் பீட்டில் புது டிராக்கை விடுகிறேன், பேஸ் குமிழ் முழுதாகக் கீழே. ஹெட்போனில் ஹை-ஹாட்டுகளை மட்டும் கவனிக்கிறேன். கிக்கைவிட அவை கூர்மை, விலகல் அங்கேதான் முதலில் தெரியும். ‘ட்ஸ்’ என்பது ‘ட்ட்ஸ்’ ஆகிறது, புதியது பிந்துகிறது. சக்கரத்தின் ஓரத்தில் ஒரு விரல், நகத்தளவு முன்னே. ஒட்டிக்கொண்டது. எட்டு பார் கழித்து மறுபடி பிந்துகிறது. ஃபேடரை ஒரு மயிரிழை ஏற்றுகிறேன். பதினாறாவது பாரின் முடிவில் பேஸ்கள் இடம் மாறுகின்றன. பழையதன் நடு ஒலியைச் சிறிது சிறிதாக இறக்குகிறேன், அந்தப் பேட் தூரத்துக்குப் போகிறது. முப்பத்திரண்டாவது பார் முடிந்து மெலடி நுழையும்போது அது தனியாக இருக்கிறது.

8ஏ-க்கு 9ஏ என்று சக்கரம் சரி சொன்ன ஜோடி இது. கீ லாக் இல்லாமல் அந்தச் சரி செல்லாது. ஆனாலும் மிக்ஸ் உட்கார்ந்தது.

இப்போது வாங்கும் ஒவ்வொரு டிராக்குக்கும் ஐந்து நிமிடம் செலவிடுகிறேன். போனில் ஒரு பியானோ செயலியைத் திறந்து, டிராக்கை அதன் சொந்த வேகத்தில் ஓடவிட்டு, பேஸ் ஒலிக்கும் இடத்தில் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். பதினொன்று துருத்திக்கொண்டு நிற்கும் அல்லது ஒருமாதிரி சமாளிக்கும். ஒன்று மட்டும் டிராக்குக்குள் கரைந்து காணாமல் போகும். அந்தச் சுரத்தைக் குறித்துக்கொள்வேன். மென்பொருள் போட்ட எண்ணும் அதுவும் ஒத்துப்போனால் எண்ணை விட்டுவைப்பேன், இல்லையென்றால் அழித்துவிட்டு என்னுடையதை எழுதுவேன். எந்தக் கட்டையும் கரையவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைப்பேன். என் பெட்டியில் கோடு போட்ட டிராக்குகளுக்குத்தான் வேலை அதிகம். அவற்றை எதற்குப் பின்னாலும் போடலாம்.